ஆம்பூருக்கு ஜெர்மனியில் ஓர் அண்ணன்

ஆம்பூர் என்று சொன்னால் போதும், எங்கள் மேற்கு மாம்பலத்தில்கூடப் பிரியாணிப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஆசாரக்காரர்கள் பேசமாட்டார்கள், ஆனால் சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும் அவர்களுக்கும் தெரியும். எனக்கு அந்த ஊர் அறிமுகமானது வேறு வழியில். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். வரலாற்றுப் பாடத்தில் "அம்பூர்" என்று வரும். 1749 ஆகஸ்டு 3ஆம் தேதி அங்கே நடந்த சண்டையில் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் கானைத் தோற்கடித்தார்கள். கிழவர் நவாப் யானை மேல் இருந்தபடியே குண்டடி பட்டு இறந்தார். மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். பாண்டிச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்கு ஒரே கொண்டாட்டம்.

அதற்கு 44 வருஷம் கழித்து, 1793 செப்டம்பர் 14 அன்று, பிரெஞ்சுப் படை இன்னொரு சின்ன ஊரில் சண்டை போட்டது. இந்த முறை பிரஷ்யர்களிடம் தோற்றது. ஊரின் பெயர் பிர்மாசென்ஸ். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளியில் படித்தபோது இரண்டும் எனக்கு வெறும் போர்க்களப் பெயர்கள். இரண்டு ஊருமே பிற்காலத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஊர்கள் என்பது மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் மூத்தவன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் நின்றுபோன சிப்பாய்கள்

பிர்மாசென்ஸ் ஒன்றும் இயற்கையாக வளர்ந்த ஊர் அல்ல. நல்ல நிலமோ ஆறோ வியாபாரப் பாதையோ அதற்குக் கிடையாது. ஹெஸ்ஸன் தார்ம்ஷ்டாட் பிரபு ஒன்பதாம் லுத்விக்குக்கு ராணுவப் பயித்தியம். உயரமான ஆட்களாகப் பொறுக்கிச் சேர்த்து, அந்தக் குன்றுகளின் மேல் ஒரு படைவீட்டு ஊரைக் கட்டினார். மழையிலும் பனியிலும் கவாத்து நிற்கக்கூடாது என்று பெரிய கூடம் ஒன்றும் எழுப்பினார். 1790இல் அவர் கண்ணை மூடினார். பின்னால் வந்தவர்களுக்கு இந்தப் பொம்மைப் பட்டாளம் தேவைப்படவில்லை. சம்பளம் நின்றது. பெண்டாட்டி பிள்ளைகளோடு சிப்பாய்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அப்போது பழைய சீருடைத் துணியை வெட்டி வீட்டில் போடும் செருப்புத் தைக்க ஆரம்பித்தார்கள் என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. ஆண்கள் தைத்தார்கள். பெண்கள் மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்கள். பிறகு தையல் இயந்திரம் வந்தது, நீராவி வந்தது, தொழிற்சாலைகள் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் செருப்புத் தலைநகரமே அதுதான். பக்கத்தில் ஹவுன்ஸ்டைன் என்ற கிராமம்கூடச் செருப்பால் சாப்பிட்டது. வேறு வழி இல்லாதவர்கள் கையில் எடுத்த தொழில் ஒரு வட்டாரத்தையே வாழவைத்தது. இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஆம்பூருக்கு வாருங்கள்.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும்

தோல் பதனிட என்ன வேண்டும்? தோல், தண்ணீர், துவர்ப்பு, கை. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் நான்கும் இருந்தன. ஆற்று மணலில் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று. சுற்றியுள்ள குன்றுகளிலும் காடுகளிலும் ஆவாரை. ஆவாரை பூத்த ஊரில் சாவு கிடையாது என்பது நம் பழமொழி. அதன் பட்டையில் உள்ள துவர்ப்பு செத்த தோலையும் அழுகவிடாது. மைசூர்ப் பக்கத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வந்து இறங்கின. சென்னைத் துறைமுகத்துக்கு ரயில் போனது.

கை யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். மற்ற ஜாதியார் தோலைத் தொடமாட்டோம் என்று ஒதுங்கியதால் வியாபாரம் முஸ்லிம் வணிகர்கள் கைக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று அவர்கள் வேர்விட்டார்கள். சென்னையில் பெரியமேடு அவர்கள் மண்டி. அந்தத் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் நம்மில் நிறையப் பேர். தோல் தீட்டு என்று சொல்லிக்கொண்டே டிசம்பர் சீசனில் மிருதங்கத்துக்குத் தலையாட்டுகிறோம். அதில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் இருக்கிறது. நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

இதில் எங்கள் பாண்டிச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். ஐரோப்பாவில் விலை போகாது. கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் நிற்கும் என்ற வித்தையை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பாண்டிச்சேரியைச் சேர்ந்த யூரேசியர் ஒருவர் இங்கே பரப்பினார் என்று பழைய சென்னை மாகாண அறிக்கைகள் சொல்கின்றன. ஆவாரமும் கடுக்காயும் சேர்ந்ததில் பிறந்த சரக்குக்கு லண்டன் சந்தையில் "ஈஸ்ட் இந்தியா" தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இது டன் டன்னாகப் போனது.

பிரெஞ்சில் செருப்புத் தைப்பவருக்கு "கொர்தொனியே" என்று பெயர். ஸ்பெயினில் உள்ள கொர்தோபா நகரத்துத் தோலிலிருந்து வந்த வார்த்தை. கொர்தோபா முஸ்லிம்கள் ஆண்ட ஊர். அந்தத் தோலுக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. ஆம்பூர்த் தோல் வியாபாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வார்த்தை எனக்கு நினைவுக்கு வரும்.

அடுத்த மாற்றம் குரோமியம். ஆவாரத்தில் வாரக்கணக்கில் நடப்பது குரோமிய உப்பில் சில நாளில் முடிந்துவிடும். தோலும் மென்மையாக வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் இதைப் பரிசோதித்தார். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் குரோம் தோல் தொழிற்சாலை வைத்தார். நாம் மின்சார ரயிலில் தினமும் தாண்டிப் போகும் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

தோல் ஷூ ஆன கதை

இவ்வளவு நடந்தும் ரொம்ப நாள் வரை ஆம்பூரில் ஷூ கிடையாது. அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் கப்பல் ஏற்றினோம். வெள்ளைக்காரன் அதை மெருகேற்றி, வெட்டித் தைத்து, பல மடங்கு விலைக்கு விற்றான். பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய கதைதான்.

1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பின்னால் அதன் இயக்குநராக இருந்த டாக்டர் நாயுடம்மா, தோல் விஞ்ஞானத்தைப் பதனிடும் ஷாப்புகளுக்கே கொண்டுபோனவர். (1985இல் கனிஷ்கா விமானம் வெடித்தபோது அதில் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.) 1972இல் சீதாராமையா கமிட்டி, பச்சைத் தோலும் அரைப்பதனிட்ட தோலும் வெளியே போவதைக் கட்டுப்படுத்தி, முழுச் சரக்காக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றது. 1973இல் அரசு அதைச் சட்டமாக்கியது. பாலாற்றங்கரை வியாபாரிகள் முதலில் அலறினார்கள். பிறகு அவர்களே ஷூ கம்பெனி வைத்தார்கள். ஆம்பூரில் பிறந்த ஃபரிதா போன்ற நிறுவனங்கள் உலக பிராண்டுகளுக்குத் தைக்கும் அளவுக்கு வளர்ந்தன.

அதோடு ஊரின் முகமே மாறியது. பதனிடும் ஷாப் ஆண்களின் இடம். ஷூ கம்பெனி பெண்களின் இடம். ஒரு ஷூவுக்கு மேல் பாகத்தை "அப்பர்" என்பார்கள். அதை வெட்டுவது, ஓரம் மடிப்பது, தைப்பது, அச்சில் ஏற்றுவது, சோலை ஒட்டுவது, மெருகிடுவது என்று ஏகப்பட்ட கை வேலை. சுற்றுக் கிராமங்களில் அதுவரை பெண்களுக்கு இருந்தது வயல் வேலையும் பீடி சுற்றுவதும்தான். காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றபோது அவர்கள் ஏறினார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்ற வார்த்தைகள் குடிசைக்குள் முதன்முதலாக அவர்களோடுதான் போயின. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஆம்பூர் நெடுஞ்சாலையில் வரிசையாக வரும் அந்த பஸ்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சம்பளம் பெரிதில்லை. வீட்டில் வைத்து அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஜோடிக்குச் சில ரூபாய்தான். அந்த ஷூ ஐரோப்பாவில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும். ஆனாலும் அந்தச் சம்பளத்தில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய அம்மாக்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஷூ கம்பெனியைத் திட்டுகிறவர்கள் இதையும் ஒரு தட்டில் வைக்க வேண்டும்.

பாட்டிலில் வந்த மனு

இன்னொரு தட்டில் இருப்பது பாலாறு.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பைக் கொட்டிக் கொண்டுவருவார்கள். முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு ரோமம் நீக்குவது. பிறகு குரோமியம், பிறகு சாயம். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவு. உள்ளே போகும் தண்ணீர் அவ்வளவும் அழுக்காக வெளியே வரும். பல வருஷம் அது நேராக வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது. பாலாறு மேலே வறண்ட ஆறு. அதன் உயிர் மணலுக்கு அடியில் ஓடுவது. மேலே ஊற்றிய உப்பு கீழே இறங்கி, கிணறு கிணறாகப் பரவியது.

நான் 80களில் சில வருஷம் வேலூர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். (அந்த வட்டாரம் என் காலத்திலேயே வட ஆற்காடு, வட ஆற்காடு அம்பேத்கர், வேலூர், திருப்பத்தூர் என்று நான்கு மாவட்டப் பெயர் பார்த்துவிட்டது.) தபால் பிரிவில் கிணற்றுத் தண்ணீர் பற்றிய மனுக்கள் வரும். ஒரு நாள் ஒரு விவசாயி மனுவோடு ஒரு பாட்டிலும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். டீ மாதிரி நிறம். "ஐயா, இதையும் சேர்த்துப் பதிவு பண்ணிக்குங்க" என்றார். காகிதத்துக்கு முத்திரை குத்தலாம், நம்பர் போடலாம். பாட்டிலுக்கு எங்கே குத்துவது? "பெரியவரே, மனுவை மட்டும் கொடுங்க, பாட்டிலை எடுத்துட்டுப் போங்க" என்றார் பிரிவு சூப்பிரண்டு. "எடுத்துட்டுப் போயி என்ன சாமி பண்றது? மாடுகூடக் குடிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். இரண்டு மூன்று நாள் அது ஜன்னல் விளிம்பில் இருந்தது. அடியில் வெள்ளையாகப் படிந்தது.

அவரைப் போன்றவர்களின் வழக்கைக் கடைசியில் டெல்லிக்குக் கொண்டுபோனது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1991இல் போட்ட மனுவுக்கு 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அசுத்தம் செய்தவனே சுத்தம் செய்யும் செலவையும் நஷ்ட ஈட்டையும் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். நஷ்ட ஈட்டைக் கணக்கிடத் தனி ஆணையம். இன்று சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடம் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வேலூர் என்ற பெயர் இந்த வழக்கால் தெரியும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆம்பூரில் துத்திப்பட்டிலும் ஒன்று. சொட்டுக் கழிவு நீரும் வெளியே போகக்கூடாது என்ற விதியும் வந்தது. தண்ணீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஆனால் பிரித்தெடுத்த உப்பு எங்கே போகும்? வாங்க ஆள் இல்லாமல் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் இறந்துபோனார்கள். பிழைக்க வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களே அதில் அதிகம்.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நஷ்ட ஈடு கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்று சொன்னது. 1996க்கும் 2025க்கும் நடுவில் 29 வருஷம். நான் அரசாங்கத்தில் இருந்த காலத்தில் பழுப்பேறிய கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோப்பு மாதிரி இல்லை.

அண்ணனுக்கு என்ன ஆயிற்று?

பிர்மாசென்ஸில் 1970களிலிருந்து ஆலைகள் மூட ஆரம்பித்தன. இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் கூலி குறைவு என்று வேலை முதலில் அங்கே போனது. பிறகு ஆசியாவுக்கு வந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஷூ ஆலைகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய ரைன்பெர்கர் கட்டடத்தில் 2008 முதல் குழந்தைகளுக்கான அறிவியல் காட்சிக்கூடம் நடக்கிறது. ஹவுன்ஸ்டைன் ஆலையில் செருப்பு மியூசியம். சனத்தொகை 40,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஜெர்மனியில் வேலையில்லாதவர்களும் கடனும் அதிகம் உள்ள ஊர்களில் ஒன்று என்று இன்று பெயர். மிஞ்சியது செருப்புத் தொழிற்பள்ளியும் பரிசோதனைக் கூடமும்தான். கை வேலை போய்விட்டது. அறிவு மட்டும் ஊரில் தங்கியிருக்கிறது.

அங்கிருந்து கிளம்பிய வேலையில் ஒரு பங்குதான் நம் ஆம்பூரில் வந்து இறங்கியது. இந்தியத் தோல் சரக்கை அதிகம் வாங்கும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. பிர்மாசென்ஸ்காரர் காலில் இன்று இருப்பது பாலாற்றங்கரையில் தைத்த ஷூவாக இருக்கலாம். அவர்கள் ஊரில் கூலி ஏறியது, கழிவு நீருக்குக் கணக்குக் கேட்டார்கள்; வேலை இங்கே வந்தது. இங்கே கூலி குறைவு என்பது மட்டும் காரணம் இல்லை. இங்கே கிணற்றுக்கு விலை கிடையாது என்பதும் ஒரு காரணம். ஷூவின் விலைச் சீட்டில் தோல், நூல், கூலி, கப்பல் வாடகை எல்லாம் இருந்தன. அந்த விவசாயி வைத்துவிட்டுப் போன பாட்டில் மட்டும் இல்லை.

செருப்பு வேலைக்குக் கால் உண்டு. அது ஓரிடத்தில் நிற்காது. உலகம் தோல் ஷூவை விட்டுவிட்டு ரப்பரும் துணியுமான விளையாட்டு ஷூவுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. செய்யாறிலும் பெரம்பலூரிலும் அதற்கான பெரிய ஆலைகள் வந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கு மேல் 50 சதவீதம் வரி போட்டபோது, ஆம்பூரில் ஆர்டர் குறையும் என்று பயந்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர்கள் அந்தப் பஸ்ஸில் போகிற பெண்கள். பிர்மாசென்ஸுக்கு நடந்தது ஆம்பூருக்கு நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிர்மாசென்ஸில் முக்கியமாகத் தைத்தார்கள். இங்கே பதனிடவும் செய்கிறோம். அண்ணன் ஊரில் ஆலை மூடினால் போனது வேலை. தம்பி ஊரில் ஆலை மூடினால் வேலை போகும், மண்ணுக்கு அடியில் உப்பு நிற்கும். அதை எடுக்கப் பணம் கொடுக்கக்கூடியவர்கள் அப்போது ஊரில் இருக்கமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்: வியாபாரம் நடக்கும்போதே கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். நஷ்ட ஈடு போய்ச் சேர வேண்டும். குவிந்து கிடக்கும் உப்புக்கு வழி பிறக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்குகிறவனும் அந்தச் செலவில் ஒரு பங்கைத் தன் விலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். தைக்கிற பெண்களுக்குத் தையலோடு நிற்காமல் வடிவமைப்பும் பரிசோதனையும் மேற்பார்வையும் கற்றுக்கொடுத்து, கை வேலை போனாலும் தலை வேலை ஊரில் நிற்கும்படி செய்ய வேண்டும்.

ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ அடுத்த முறை பேரனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது, ஓரத் தையலைக் கொஞ்சம் விரலால் தடவிப் பாருங்கள். நேராக, நெருக்கமாக இருக்கும். எங்கோ ஒரு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெண்ணின் கை வேலை அது. அவள் வீட்டுக் கிணற்றில் என்ன தண்ணீர் இருக்கிறது என்பதையும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.